வரோத்தமையின் வினாவும் டோராவின் நீல அம்பும்

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அகழாய்வுகளைப் பற்றிப் பேசுவோர், பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழி எழுத்துகளையும் செங்கல் கட்டுமானங்களையுமே பெரிதும் எடுத்துரைப்பது வழக்கம். அதே மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்த வட்டச் சில்லுகளும், சுடுமண் ஆட்டக் காய்களும், பகடைகளும் அவ்வளவு பேச்சுக்கு உரியனவாகவில்லை. வைகைக் கரையில் வாழ்ந்த மக்கள் எழுதினார்கள், நெய்தார்கள், வாணிகம் செய்தார்கள் என்பதோடு விளையாடினார்கள் என்பதும் வரலாறுதான். ஆனால் விளையாட்டின் வரலாற்றை எழுத நாம் எப்போதும் சற்றுக் கூச்சப்படுகிறோம். குழந்தைகளின் விளையாட்டு என்றால் அந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இன்னும் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது. 2002ஆம் ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'கேம்பாய் அட்வான்ஸ்' என்ற கையடக்கக் கருவிக்காக டிடிகே மீடியாஆக்டிவ் நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. 'டோரா தி எக்ஸ்ப்ளோரர்: தி சர்ச் ஃபார் பைரேட் பிக்ஸ் ட்ரெஷர்' என்பது அதன் நீண்ட பெயர். சிறுவர் அசைபடத் தொடர் ஒன்றின் நாயகியான டோரா என்னும் சிறுமி, கடற்கொள்ளைப் பன்றிகளின் புதையலைத் தேடிச் செல்லும் சாகசப் பயணம் அது. 240க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு திரையில் அந்தப் பயணம் நடந்தது. பின்னர் 2008இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 'டோரா ஸேவ்ஸ் தி மெர்மெய்ட்ஸ்' முதலியன வந்தன. உலகின் பெரிய விளையாட்டுப் பட்டியல்களில் இவற்றுக்கு இடமில்லை. மழலையர்க்கான எளிய விளையாட்டுகள் என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

மதுரையிலும் அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் சமவெளியிலும் வளர்ந்த பெரும்பாலான குழந்தைகள் இந்த விளையாட்டுகளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டோராவை அவர்கள் அறிவார்கள். அந்தக் குரங்கையும் குள்ளநரியையும் பேசும் வரைபடத்தையும் அறிவார்கள். விளையாட்டு வராத ஊருக்கு விளையாட்டின் நாயகி மட்டும் எப்படி வந்து சேர்ந்தாள், வந்தபோது எதைக் கொண்டுவந்தாள், எதை வழியில் விட்டுவிட்டாள் என்பதே நான் எழுத விரும்பும் வரலாறு.

1. குகையின் வாயில்

கணினியில் சாகசப் பயண விளையாட்டு என்ற வகைமை ஒரு குகையில் தொடங்கியது. அமெரிக்காவில் நிரலாளராக இருந்த வில் க்ரௌதர் குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதில் ஈடுபாடு கொண்டவர். கென்டக்கி மாநிலத்தின் மாபெரும் குகைத்தொடரை நேரில் அளந்து வரைபடமாக்கியவர்களில் ஒருவர். மணமுறிவுக்குப் பின் தம் மகள்களுக்கு வேடிக்கை காட்டவென்று, 1976ஆம் ஆண்டையொட்டி, அந்தக் குகையையே சொற்களால் ஆன விளையாட்டாக அவர் கணினியில் அமைத்தார். படம் கிடையாது. 'நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள்' என்பதுபோல எழுத்துகள் திரையில் தோன்றும். ஆடுபவர் ஓரிரு சொற்களில் விடை தட்டச்சு செய்ய வேண்டும். 1977இல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரித்தெழுதினார். பின்னர் வந்த சாகச விளையாட்டுகள் எல்லாம் அந்தக் குகையின் வழித்தோன்றல்கள் எனலாம்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் எவருக்கும் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை நினைவுக்கு வராமல் இருக்காது. மதுரைக் காண்டத்தின் முதற்பகுதி அது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையை நோக்கி நடக்கிறார்கள். வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோனிடம் கோவலன் மதுரைக்கு வழி கேட்கிறான். கொடும்பாளூரைக் கடந்ததும் சிவபெருமானின் சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையோன். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றத்துக்கு, அதாவது இன்றைய அழகர்மலைக்குச் செல்வது. இரண்டுக்கும் இடைப்பட்டதும் உண்டு. அது ஊர்களும் சோலைகளும் நிறைந்த செவ்விய வழி என்றாலும், அங்கே கானுறை தெய்வம் ஒன்று மயக்கும் வடிவில் வந்து நடப்பவரைத் தடுக்கும்.

இடப்பக்க வழியைப் பற்றி அவன் சொல்வதுதான் வியப்புக்குரியது. அந்த மலையில் ஒரு பிலம், அதாவது குகை வழி, இருக்கிறது. அங்கே புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். முதலாவதில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் விளங்கும். இரண்டாவதில் பழம்பிறப்பு தெரியும். மூன்றாவதில் நினைத்தது கைகூடும். உள்ளே செல்ல விரும்புவோர் மலையை மூன்று முறை வலம்வர வேண்டும். அப்போது சிலம்பாற்றின் கரையில் பூத்த கோங்க மரத்தின் கீழ் வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றுவாள். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இரண்டிலும் சேராமல் என்றும் நிலைநிற்பது எது என்று வினவுவாள். விடை சொன்னவருக்குக் கதவைத் திறப்பாள்.

பிரியும் வழிகள், வழிகாட்டி, தடுக்கும் மாயை, வினா, கதவு, பரிசு. வகைமையின் உறுப்புகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. இதைச் சொல்லி 'கணினி விளையாட்டை நாமே முதலில் கண்டுபிடித்தோம்' என்று முழங்குவது என் நோக்கமன்று. அப்படிப்பட்ட முழக்கங்களால் இலக்கியத்துக்கும் பயனில்லை, அறிவியலுக்கும் பயனில்லை. பயணத்தைக் கதையாக்கும் மனிதமனம் எங்கும் ஏறத்தாழ இதே உறுப்புகளைத் தேடி அடைகிறது என்பதே செய்தி. நம்மிடம் ஆற்றுப்படை என்றொரு இலக்கிய வகையே உண்டு. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது அது. மலைபடுகடாம் எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே இரவு தங்கலாம் என்றெல்லாம் சொல்கிறது. வழி சொல்லுதல் தமிழில் வெறும் தகவலாக இருந்ததில்லை. அது உறவாக இருந்தது.

அந்தக் குகைக்குள் இன்னொரு வாயிலில் தோன்றும் பெண் சொல்வதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். விடை சொல்லாதவர்க்கும் நான் துன்பம் செய்யேன். அவரை அவர் செல்லவேண்டிய நெடுவழியில் கொண்டுபோய் விடுவேன் என்கிறாள் அவள். தோற்றவரைத் தண்டிக்காத விளையாட்டு அது. இதற்கு மீண்டும் வருவேன்.

2. விளையாட்டைப்போல நடித்த தொலைக்காட்சி

டோரா தொடர் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. க்ரிஸ் கிஃபோர்ட், வேலரி வால்ஷ், எரிக் வைனர் ஆகிய மூவர் அதை உருவாக்கினர். தொடரின் தொடக்கக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் அறை. மேசைமேல் ஒரு கணினி. நம் பார்வை அதன் திரைக்குள் நுழைகிறது. டோராவின் உலகம் அங்கேதான் இருக்கிறது. டோரா ஒரு கேள்வி கேட்பாள், சற்று மௌனம், பிறகு ஒரு நீல அம்புக்குறி திரையில் நகர்ந்து வந்து சரியான பொருளின்மேல் 'கிளிக்' என்று தட்டும். அதாவது, தொலைக்காட்சித் தொடர் தன்னை ஒரு கணினி விளையாட்டாகவே பாவனை செய்துகொண்டது. 1990களில் குறுந்தகட்டில் விற்கப்பட்ட சிறுவர் சாகச விளையாட்டுகளின் வடிவத்தை அது அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே, 2002இல் அது கையடக்கக் கருவிக்குப் போனபோது புதிய இடத்துக்குப் போகவில்லை. புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியது.

இந்த மௌனத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. அதே நிறுவனம் 1996இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடரில், கேள்வி கேட்டுவிட்டு நடத்துநர் சில நொடிகள் காத்திருப்பார். ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். முதல் நாள் திகைத்த குழந்தை ஐந்தாம் நாள் கேள்விக்கு முந்திக்கொண்டு விடை கூவும். திரும்பக் கேட்பதில் குழந்தைக்கு அலுப்பில்லை, தேர்ச்சியின் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை அவர்கள் ஆய்ந்து அறிந்திருந்தார்கள். ஒரே கதையை நூறாவது முறையாகச் சொல்லச்சொல்லி நச்சரிக்கப்பட்ட நம் பாட்டிமார்களுக்கு இதை அறிய ஆய்வு தேவைப்படவில்லை.

3. மதுரைக்கு வந்த வழி

கையடக்கக் கருவிகளின் உலகப் பரவலை எண்ணிக்கை சொல்லும். 1989இல் வந்த கேம்பாய், அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 86 லட்சம் விற்றது. 2001இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் 8 கோடியே 15 லட்சம். 2004இல் வந்த டிஎஸ் 15 கோடியே 40 லட்சம். இவற்றுள் வைகைக் கரைக்கு வந்தவை வெகு சில. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவையே பெரும்பாலும்.

காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். 2006இல் டிஎஸ் லைட் கருவியின் அமெரிக்க விலை 129.99 டாலர், அன்றைய மதிப்பில் சற்றேறக்குறைய 5,900 ரூபாய். அதே ஆண்டு மதுரையின் அண்டை மாவட்டங்களான திண்டுக்கல்லிலும் சிவகங்கையிலும் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. அதன் நாட்கூலி 80 ரூபாய். கருவி மட்டும் எழுபது நாள் கூலிக்கும் மேல். விளையாட்டுக்கான பேழை தனி.

நம் சமவெளிக்கு வந்தது வேறொரு கருவி. சாம்பல் நிறத் திரையில் சதுரக் கட்டங்கள் மழைபோல இறங்கும் சீனத் தயாரிப்பு. மேலே 'பிரிக் கேம்' என்றும் '9999 இன் 1' என்றும் எழுதியிருக்கும். 1990களில் மதுரை நகரக் கடைகளிலும் சித்திரைத் திருவிழாத் தெருக்களிலும் அது கிடைத்தது. 'வீடியோ கேம்' என்ற சொல் நம் பக்கத்தில் நெடுங்காலம் அதையே குறித்தது. 9999 விளையாட்டு என்பது வெறும் பேச்சு. ஒரு பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே வேகத்தையும் கட்டங்களையும் மாற்றி மாற்றி வரும். அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டின் உரிமம் பெறாத பிள்ளை அது. அதில் நாயகன் இல்லை, கதை இல்லை, பயணம் இல்லை. அடுக்குவது மட்டுமே உண்டு.

கதை வேறு வழியில் வந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் சென்று சேர்ந்தன. அத்திட்டத்தின் அரசியல் பற்றியும் செலவு பற்றியும் எழுதிக் குவித்தவர்கள் உண்டு. அந்தப் பெட்டியின் முன்னால் அமர்ந்திருந்த ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 2007இல் சன் குழுமம் சிறுவர்க்கென்றே சுட்டி டிவியைத் தொடங்கியது. 'டோராவின் பயணங்கள்' அங்கே தமிழ் பேசியது. மண்சுவர் வீட்டில், அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடுவே வைக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் ஒரு நீல அம்புக்குறி நகர்ந்தது. கணினியைத் தொட்டறியாத பிள்ளைகள் பலர் முதன்முதலில் கண்ட சுட்டியின் அம்பு அதுவாகவே இருந்திருக்கும். மேல்நிலை மாணவர்க்கு அரசு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011இல்தான்.

2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டும் இந்த வரலாற்றில் சேரும். கையடக்கக் கருவி மின்கலத்தில் ஓடுவது. சுவர் மின்சாரத்தை நம்பிய பயணமோ ஆற்றுக்கும் பாலத்துக்கும் நடுவே அறுந்து நின்றது. மீதிப் பயணத்தைக் குழந்தைகள் தாமே நடித்து முடித்துக்கொண்டார்கள்.

4. புஜ்ஜி என்றொரு பெயர்

மூலத்தில் டோராவின் தோழனான குரங்குக்கு 'பூட்ஸ்' என்று பெயர். சிவப்புக் காலணி அணிந்தது. தமிழில் அது புஜ்ஜி ஆயிற்று. 'ஸ்வைப்பர்' என்னும் நரி குள்ளநரி ஆயிற்று. இந்தப் பெயர்மாற்றத்தின் வெற்றியை அளக்க வேறு சான்று வேண்டாம். இன்றும் எந்நேரமும் இணைபிரியாமல் திரியும் இருவரைப் பார்த்தால் 'டோரா - புஜ்ஜி' என்கிறார்கள். நெற்றியில் நேராக வெட்டிய முடிக்கு முடிதிருத்தும் கடைகளிலேயே டோராவின் பெயர் வந்துவிட்டது. 2017இல் நயன்தாரா நடித்த திரைப்படம் ஒன்றுக்கு 'டோரா' என்றே பெயர் வைத்தார்கள்.

இது திடீரென முளைத்த திறமையன்று. மதுரைக்குத் தெற்கே சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, பிரிட்டிஷ் சித்திரக்கதையின் உருக்கு நகம் கொண்ட நாயகன் 'இரும்புக்கை மாயாவி' ஆகிவிட்டான். 1984இல் வந்த லயன் காமிக்ஸும் அந்தப் பாதையில் நடந்தது. அயல்நாட்டு நாயகர்களுக்குத் தமிழில் புதுப்பிறவி தரும் கலையைச் சிவகாசி அச்சகங்கள் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. அந்தப் புத்தகங்களும் கையடக்கச் சாகசங்களே. சிறுவர் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று போடப்பட்ட சிக்கற்பாதைப் படங்களில் பென்சிலால் கோடு இழுத்த விரல், அம்புக்குறியை ஏற்கெனவே அறிந்திருந்தது.

பெயர் வைப்பது மட்டுமே மொழிபெயர்ப்பன்று என்பதற்கும் இத்தொடரே சான்று. அமெரிக்க மூலத்தில் டோரா இருமொழிக் குழந்தை. அவள் வீட்டில் ஸ்பானிய மொழி, வெளியே ஆங்கிலம். ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு அவள் ஸ்பானியச் சொற்களைக் கற்றுத் தந்தாள். பல இடங்களில் கதவு திறக்க ஸ்பானியச் சொல்லே சாவி. அந்நாட்டில் குடியேறிகளின் மொழி என்று தாழ்வாகப் பார்க்கப்பட்ட மொழியொன்று, மாயக் கதவுகளைத் திறக்கும் மந்திரமாக உயர்ந்தது. தொடரின் பண்பாட்டுப் பெருமை அதில்தான் இருக்கிறது.

தமிழுக்கு வந்தபோது டோரா தமிழ் பேசினாள். ஸ்பானியத்தின் இடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. தமிழில் பேசிக்கொண்டே வந்து, வண்ணங்களுக்கும் எண்களுக்கும் ஆங்கிலச் சொல் சொல்லித் தந்தாள். வணிக நோக்கில் இது இயல்பு. ஆங்கிலம் படிக்கட்டும் என்று பெற்றோர் மகிழ்ந்தார்கள். ஆனால் மூலத்தின் தராசு இங்கே தலைகீழாகிவிட்டது. அங்கே எளியவரின் மொழி கதவைத் திறந்தது. இங்கே வலியவரின் மொழி திறந்தது.

மதுரைக்கு உண்மையில் பொருந்தும் டோரா யார் என்று சில சமயம் எண்ணிப் பார்க்கிறேன். இந்நகரில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கின்றன. தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்டோர் உண்டு. உருது பேசுவோர் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தை எந்த மொழியில் தண்ணீர் கேட்கிறது என்பதை அறியாமலேயே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். தமிழ்க் குழந்தைக்கு ஒரு சௌராஷ்டிரச் சொல்லைச் சாவியாகக் கொடுக்கும் டோரா இருந்திருந்தால், அவளே மூலத்தின் ஆன்மாவுக்கு உண்மையான மொழிபெயர்ப்பாக இருந்திருப்பாள்.

5. உம் கொட்டுதல்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் காடுகாண் காதை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று வழிகளையும் கரும்பலகையில் வரைந்துகாட்டியபோது, மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், 'மாங்காட்டு மறையோன்தான் ஐயா மேப்பு' என்றார். வகுப்பே சிரித்தது. டோராவின் பையிலிருந்து துள்ளி வந்து மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும் வரைபடத்தை அவர் குறிப்பிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் அவர் சொன்னது உரையாசிரியர்களின் விளக்கத்தைவிட வகுப்புக்கு நன்றாக விளங்கிற்று. 'அப்படியானால் குள்ளநரி யார்?' என்று கேட்டேன். 'கானுறை தெய்வம்' என்று உடனே பதில் வந்தது. கோவலன் கொற்றவையின் மந்திரத்தைச் சொன்னதும் அந்தத் தெய்வம் தன் வேடம் கலைந்து வணங்கிப் போவதையும், டோரா மும்முறை சொன்னதும் குள்ளநரி விரலைச் சொடுக்கி ஏமாற்றத்தோடு ஓடுவதையும் ஒப்பிட்டு அவர்களே பேசத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை சிலப்பதிகாரத்துக்குள் நுழைய ஒரு வாயில் ஏற்கெனவே திறந்திருந்தது. அதை ஆசிரியர்களாகிய நாங்கள் கவனித்திருக்கவில்லை.

நம் கதைமரபில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. கதை சொல்பவருக்கு 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும், 'தூங்கிட்டியா?' என்று கேள்வி வரும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் வினா எழுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கிறது. விடுகதை போடுபவர் தோற்றவரிடம் 'ஊரைக் கொடு' என்று கேட்டு வாங்கிய பிறகே விடையை அவிழ்க்கிறார். பரமபத சோபன படத்தில் பகடை விழுந்த கணக்குக்கு ஏணியும் பாம்பும் பதில் சொல்கின்றன. இவை எல்லாவற்றிலும் எதிர்முனையில் ஒரு செவி இருக்கிறது.

தொலைக்காட்சி டோராவுக்குச் செவி கிடையாது. கேள்வி கேட்பாள், காத்திருப்பாள், குழந்தை தவறாகச் சொன்னாலும், வாய்திறக்காமல் இருந்தாலும், எழுந்து வெளியே போய்விட்டாலும், 'சரியாகச் சொன்னாய்' என்று பாராட்டுவாள். விடை சொல்லாதவரைத் துன்புறுத்தாத அந்தக் குகைப் பெண்ணின் கருணை இதில் இருப்பதுபோலத் தோன்றலாம். வேறுபாடு என்னவென்றால், குகைப் பெண் கேட்டுவிட்டு மன்னிக்கிறாள். டோரா கேட்காமலேயே பாராட்டுகிறாள். கையடக்கக் கருவியில் இருந்த டோராவோ உண்மையிலேயே கேட்டாள். பொத்தானை அழுத்தினால் நகர்ந்தாள், அழுத்தாவிட்டால் நின்றாள். குழந்தையின் செயலுக்கு அங்கே விளைவு இருந்தது. அவளுக்குத் தமிழ்தான் தெரியாது.

என் பார்வையில் இந்தச் சிறிய வரலாற்றின் இழப்பு இங்கேதான் இருக்கிறது. தமிழ் பேசிய இயந்திரம் குழந்தையின் சொல்லைக் கேட்கவில்லை. குழந்தையைக் கேட்ட இயந்திரம் தமிழ் பேசவில்லை. இரண்டும் சந்தித்திருக்க வேண்டிய இடம் வெற்றிடமாகவே கடந்துபோயிற்று. தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்று சொல்ல முடியாது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றிருந்தன. அது இல்லாவிட்டாலும், ஒலிப்பதிவையும் எழுத்தின் படத்தையும் பேழைக்குள் வைக்க எந்தத் தடையும் இல்லை. தமிழில் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று எவரும் நம்பவில்லை. எழுபது நாள் கூலிக்கணக்கைப் பார்த்தால், அந்த அவநம்பிக்கையை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை.

6. பிறகு வந்தவை

இந்தியாவில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2009இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த கேம்சாஸ்திரா நிறுவனம் 'தேசி அட்டா' என்ற விளையாட்டை உருவாக்கியது. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியிலும் அது வந்தது. சடுகுடு, பட்டம் விடுதல், நம் கிட்டிப்புள்ளின் வடநாட்டு உறவான கில்லி தண்டா ஆகியவை அதில் இருந்தன. புழுதியில் ஆடியதைப் பொத்தானில் ஆடவைக்கும் முயற்சி. அதே ஊரின் க்ரீன் கோல்டு நிறுவனம் 2008இல் தொடங்கிய 'சோட்டா பீம்' தொடர் நாடெங்கும் பரவியது. அதன் பாத்திரங்களை வைத்து மும்பையின் நஸாரா நிறுவனம் கைப்பேசிக்கு விளையாட்டுகள் வெளியிட்டது. அசைபடத்திலிருந்து கையடக்க விளையாட்டுக்குச் செல்லும் பாதை அதன் பின்னரே நம் சமவெளிக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் தனிக்கருவி தேவையற்றுப்போய், அப்பாவின் கைப்பேசியே விளையாட்டுக் கருவியாகிவிட்டது.

இன்று மதுரையிலிருந்து நத்தம் போகும் பேருந்தில், தாயின் மடியிலிருக்கும் குழந்தை கைப்பேசித் திரையில் யாரையோ ஓடவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 'ஸ்டார்ட்', 'நெக்ஸ்ட்', 'கேம் ஓவர்' ஆகிய சொற்களை எழுத்துக்கூட்டத் தெரியாமலே அவற்றின் நிறத்தையும் இடத்தையும் கொண்டு அறிந்துவைத்திருக்கிறது. விலை என்ற தடை ஏறத்தாழ விலகிவிட்டது. மொழி என்ற தடை பெரிதும் அப்படியே இருக்கிறது. முன்பு ஏழ்மை காரணமாகச் சொல்லப்பட்டது. இன்று அந்தக் காரணமும் இல்லை.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் கதை எழுதுகிறார்கள். சிலர் நிரல் எழுதுகிறார்கள். இரண்டும் செய்கிறவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் ஆசை ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. கொடும்பாளூரில் பிரிந்த மூன்று வழிகளில் எதில் போவது என்று ஒரு குழந்தையிடம் கேட்கும் விளையாட்டு ஒன்றைத் தமிழில் செய்யுங்கள். வலப்பக்கம் சிறுமலை இருக்கட்டும்; இடப்பக்கம் அழகர்மலை இருக்கட்டும்; நடுவில் தண்ணீர் தேடிப் போகும் பொய்கைக்கரையில் கானுறை தெய்வம் காத்திருக்கட்டும். பொய்கைகளின் ஆசைக்கு மயங்காமல், உண்மையும் உயிர்க்கு ஊறு செய்யாமையும் உடையவர்க்கு அவை தேவையில்லை என்று சொல்லி நடந்த கவுந்தியடிகளைப்போல, குகைக்குள் நுழையாமலே போகும் உரிமையும் அந்தக் குழந்தைக்கு இருக்கட்டும். வரோத்தமையின் வினாவுக்கு அது என்ன விடை சொன்னாலும் விளையாட்டு அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை தெரியாவிட்டால் கைபிடித்து நெடுவழியில் கொண்டுபோய் விட வேண்டும்.

கீழடியின் வட்டச் சில்லுகள் உடைந்த பானையிலிருந்து செய்யப்பட்டவை. கையில் கிடைத்ததை உரசி வட்டமாக்கி ஆடியிருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அதைவிடக் குறைவானதன்று.